படக்காரர் வரைந்த கொலைகாரன்

எங்கள் பத்திரிகை ஆபீசில் படக்காரர் என்றால் ஒருவர்தான். போட்டோ எடுப்பவர் வேறு, அவர் கேமராக்காரர். படக்காரர் கையால் வரைகிறவர். கேமரா போய்ச் சேருவதற்குள் நடந்து முடிந்துவிட்ட சங்கதிகளுக்கெல்லாம் படம் போட்டுத் தருவது அவர் வேலை. திருடன் ஜன்னல் கம்பியை வளைப்பது, பைக்கில் வந்தவன் சங்கிலியை அறுப்பது, மேனேஜர் பெட்டியோடு ஓடுவது என்று தினம் ஒன்று இருக்கும். படத்துக்குக் கீழே எறும்பு சைஸ் எழுத்தில் 'சித்தரிப்புப் படம்' என்று போடுவோம். அந்த எறும்புக்குக் கால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நான். பிழை திருத்துகிற உத்தியோகம் எனக்கு. அடுத்தவர்கள் எழுதிய அபத்தங்களை அபத்தமாகவே, ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல், காலமெல்லாம் அச்சுக்கு அனுப்பிய பெருமை என்னுடையது.

படக்காரரிடம் ஒரு விசேஷம் உண்டு. கற்பனையில் அவருக்கு ஒரு முகமும் வராது. பார்த்துப் பழகிய முகம்தான் கையில் வரும். ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ் என்று இருந்த மனுஷருக்குப் பழகிய முகங்கள் எங்கிருந்து கிடைக்கும்? எல்லாம் வீட்டு முகங்கள்தான். ஆகவே எங்கள் பத்திரிகையில் திருடிய திருடன் அத்தனை பேரும் அவருடைய மைத்துனர். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து சோபாவில் படுத்தவர், வருஷக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. பழிவாங்க இவருக்கு வேறு வழியும் இல்லை. சங்கிலியைப் பறிகொடுத்து அழுகிற பெண்மணி அவர் மனைவி. மோசடிக் கம்பெனி முதலாளி மாமனார். போலீஸ்காரர் மட்டும் அவரே. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருப்பார். அதன் முன்னால் தொப்பையை எக்கிக்கொண்டு நின்று, தன்னைத்தானே முறைத்துப் பார்த்து வரைந்துகொள்வார்.

அவர் மனைவிக்கு இந்த ரகசியம் தெரியும். காலையில் பேப்பரைப் பிரிக்கும்போதே, இன்றைக்கு என் தம்பி எங்கே புகுந்தான் என்றுதான் கேட்பாராம். தம்பிக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. ஒருநாள் அவரே படத்தைத் தட்டிக் காட்டி, இவன் மூஞ்சியைப் பாருங்கத்தான், களவாணின்னு நெற்றியில எழுதி ஒட்டியிருக்கு என்றாராம். படக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வெளியாட்களும் யாரும் கண்டுபிடித்ததில்லை. படங்கள் தபால்தலை அளவுக்குத்தான் வரும், எங்கள் அச்சு மை வேறு பாதி மூக்கைத் தின்றுவிடும்.

இப்படி ஒரு கெடுதலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தக் கொலை வந்து விழுந்தது.

பதிமூன்று வயசுப் பையன் ஒருவன் தன் வீட்டு மாடியில் குடியிருந்தவரைக் கத்தியால் குத்திவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் செத்துப்போனார். தெரிந்தது இவ்வளவுதான். செத்தவருக்கு மனைவி இருந்தார், அந்த அம்மா அழுத அழுகை நிஜம். நடந்தது கொடுமை, அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஏன் குத்தினான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் கிரைம் நிருபருக்கும் தெரியாது. ஆனால் தெரியாதது என்பது அவருக்கு என்றைக்குத் தடையாக இருந்திருக்கிறது? ஆபீசில் அவருக்குப் பரபரப்பு என்று பட்டப்பெயர். பக்கத்துத் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடிவருவார்.

முதல் நாள் தலைப்பு, 'பால் மணம் மாறாத பாதகன்'. மறுநாள், 'பிஞ்சு முகம், நஞ்சு மனம்'. தாய் வேலைக்குப் போனதால் கெட்டான் என்று ஒரு நாள் எழுதினார்கள். தாய் வேலைக்கே போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும், தாய் கொடுத்த செல்லத்தால் கெட்டான் என்று எழுதினார்கள். டி.வி. பார்த்துப் பார்த்துக் கொலை கற்றான் என்றார்கள். அந்த வீட்டில் டி.வி.யே கிடையாது என்று போலீஸ் சொன்ன அன்று, 'டி.வி.கூட இல்லாத ஏக்கம் கொலையில் முடிந்ததா?' என்று கேள்விக்குறி போட்டுக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குறி இல்லையென்றால் எங்கள் பத்திரிகையை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், பையனின் போட்டோவைப் போட முடியாது. சின்னப் பையன் என்பதால் பேரையும் முகத்தையும் வெளியிடச் சட்டம் விடாது. எடிட்டர் இதைக் கேட்டு ஒரு நிமிஷம்தான் வாடினார். சட்டம் போட்டோவைத்தானே சொல்கிறது, படத்தைச் சொல்லவில்லையே என்று படக்காரரைக் கூப்பிட்டார். முதல் பக்கம், பாதிப் பக்க அகலம், கலரில்.

படக்காரர் வரைந்து கொண்டுவந்தார். எடிட்டர் பார்த்துவிட்டு, பையன் ரொம்ப நல்லவனாக இருக்கிறான் என்றார். புருவத்தை ஒன்றோடு ஒன்று சேர்க்கச் சொன்னார். உதட்டை ஒரு பக்கமாகக் கோணச் சொன்னார். அந்த முன்பல் இடைவெளி அருமை, அதை அப்படியே வை என்றார். தூக்கலாக இருந்த இடது காது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதை இன்னும் கொஞ்சம் தூக்கு, யார் சொல்லையும் கேட்காதவன் என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்றார். உச்சியில் குத்திட்டு நின்ற ஒரு பிடி முடியைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது திமிராம்.

நான் 'சித்தரிப்புப் படம்' என்ற எறும்பைச் சரிபார்த்து அனுப்பினேன். முகம் யாருடையது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. படக்காரருக்கே தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா? மறுநாள் காலையில் அவர் மனைவி பேப்பரைப் பிரித்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா பேப்பரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், திரும்பப் பேப்பரைப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாராம்: "எங்க தம்பியைத் திருடனாக்குனீங்க, போகட்டும்னு இருந்தேன். பெத்த பிள்ளையைக் கொலைகாரனாக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு?"

கை வந்ததற்குக் காரணம் எளிது. பதிமூன்று வயசு முகம் என்று அவருக்குத் தெரிந்தது உலகத்திலேயே ஒன்றுதான். கேட்டதும் கை தானாக அதைப் போட்டுவிட்டது. திருடனுக்கு மைத்துனர் வருகிற மாதிரி, பையன் என்றதும் மகன் வந்துவிட்டான்.

அன்றே ஸ்கூல் வேனில் மற்ற பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேஜையில் வைத்தார். யாருக்கும் புத்தி இல்லாமல் போகவில்லை. கொலை செய்தவன் காவலில் இருக்கிறான், இவன் எதிரே நிற்கிறான், இவன் வேறு அவன் வேறு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? அவனுக்குச் சொந்தமாக இருக்கும் என்றார் ஒருவர். காசைக் கொடுத்து வெளியே எடுத்திருப்பார்கள் என்றார் இன்னொருவர். பேப்பரில் வந்த முகம் தப்பாக இருக்காது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

சாயங்காலம் டி.வி.யில் எங்கள் படத்தைப் பெரிசாக்கிக் காட்டி விவாதம் நடத்தினார்கள். ஒரு மனோதத்துவ நிபுணர் வந்திருந்தார். டை கட்டிய மனுஷர். காதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இந்த மாதிரிக் காது அமைப்பு உள்ளவர்கள் அறிவுரையை ஏற்கமாட்டார்கள் என்று விளக்கினார். அது எங்கள் எடிட்டர் தூக்கச் சொன்ன காது. புருவத்துக்கு ஓர் அம்புக்குறி. அதுவும் எடிட்டர் சேர்க்கச் சொன்னதுதான். கடைசியில் கண்ணுக்கு வந்தார். இந்தக் கண்ணில் குற்ற உணர்ச்சி ஒரு துளியாவது தெரிகிறதா என்று நம்மையே கேட்டார். படக்காரர் என்னிடம் பிறகு சொன்னார், அது அவர் மகன் கணக்குப் போடும்போது பார்க்கிற பார்வையாம். விடை வராமல் விழிக்கிற கண். அதை நிபுணர் ஈரமில்லாத நெஞ்சு என்று கண்டுபிடித்துவிட்டார். இந்தப் படிப்புக்கெல்லாம் எங்கே போய்ப் பரீட்சை எழுதுகிறார்களோ, தெரியவில்லை.

ஸ்கூலில் பிரின்ஸிபால் படக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் பையன் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று பதமாகத்தான் ஆரம்பித்தாராம். மற்ற பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், சத்தம் அடங்கும்வரை அவன் வீட்டில் இருக்கட்டும் என்று முடித்தாராம்.

இதற்கு நடுவே பரபரப்புக்கு ஒரு போன் வந்தது. கொலைகாரப் பையனின் அண்ணனோ தம்பியோ இன்ன தெருவில் ஒளிந்திருக்கிறான், முகம் அச்சு அசல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனுஷர் கேமராக்காரரை இழுத்துக்கொண்டு பறந்தார். நேராக வீட்டுக்குப் போனாலாவது பரவாயில்லை. முதலில் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். சின்ன வயசிலேயே பூனையைக் கல்லால் அடிப்பான் என்றார் எதிர்வீட்டுக்காரர். யாரோடும் பேசமாட்டான், அதுவே ஒரு மாதிரி இருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. ஓயாமல் பேசுவான், அதுவே ஒரு மாதிரி இருக்கும் என்றார் அதற்கடுத்த வீட்டு அம்மா. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கேமராவை நீட்டிக்கொண்டு கதவைத் தட்டினால், பனியனோடு வந்து கதவைத் திறந்தது எங்கள் படக்காரர்.

உள்ளே மேஜையில் பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வேறொருவனாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பான். பரபரப்பு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்ததுதான் வந்தேன், அப்பா என்ற முறையில் ஒரு கருத்து சொல்லுங்களேன் என்றார். படக்காரர் கதவைச் சாத்திவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே மரியாதைக்குறைவு அதுதான், அதற்காகவும் மறுநாள் ஆபீசில் பரபரப்பிடம் வருத்தம் தெரிவித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்து அறையலாம் போல இருந்தது.

அன்று கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பையன் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறான். புருவத்துக்கு நடுவில் விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறான். "அப்பா, நான் கோவமா இருக்கறப்போ அப்படியா இருக்கேன்?" என்று கேட்டிருக்கிறான்.  

படக்காரர் எடிட்டரிடம் போனார். இது என் பையன் முகம், படம் கற்பனை என்று ஒரே ஒரு வரி பெரிய எழுத்தில் போடுங்கள் என்று கெஞ்சினார். எடிட்டர் மனசு இளகத்தான் இளகினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் அதைத்தான் தினமும் கீழே போடுகிறோமே, மறுபடி பெரிதாகப் போட்டால் மற்றதெல்லாம் கற்பனையா என்று ஜனங்கள் கேட்பார்கள் என்றார். நியாயமான பயம்தான்.

அப்போதுதான் படக்காரருக்கு ஒரு விபரீத யோசனை வந்தது. நிஜமான பையனைப் பார்த்து வரைந்து அந்த முகத்தைப் போட்டுவிட்டால், தன் மகனுடைய முகம் விடுபட்டுவிடும் என்று கணக்குப் போட்டார். அது சட்டப்படி குற்றம், அந்தப் பிள்ளையின் தலையில் மண்ணை அள்ளிப்போடுகிற காரியம் என்று நான் சொன்னேன். "தெரியும் மேடம். என் பையன் வெளியில போகணும், அவ்வளவுதான்" என்றார்.

சிறுவர்களை விசாரிக்கிற கோர்ட் ஒரு பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். அதன் வாசலில் போய் நின்றார். வேன் வந்தது. பையனின் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடி இறக்கினார்கள். படியேறும்போது அவனுக்குத் தும்மல் வந்து துண்டு நழுவிவிட்டது. பிடித்திருந்த போலீஸ்காரர், குற்றவாளியின் மூக்கை அந்தத் துண்டாலேயே துடைத்துவிட்டு மறுபடி தலையில் போட்டார். படக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் வரைந்த முகத்தை எனக்குத்தான் முதலில் காட்டினார். உருண்டை முகம், சளி பிடித்துச் சிவந்த மூக்கு, சாதாரணக் காது. தூக்கம் போதாத கண். வேறு ஒன்றுமே இல்லை. இதைவிடக் கொடூரமான முகம் எங்கள் கேன்டீனில் பத்துப் பேருக்கு உண்டு. படக்காரர் அதைக் கொண்டுபோய் எடிட்டர் மேஜையில் வைத்து, இதுதான் சார் அசல், இனிமேல் இதைப் போடுங்கள் என்றார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடிட்டர் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். "என்னய்யா இது, யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு? இதைப் போட்டா இவன் குத்தினான்னு எவன் நம்புவான்? பழைய முகமே இருக்கட்டும்" என்று திருப்பித் தள்ளிவிட்டார்.

ஆக, அந்தப் பையனைக் காப்பாற்றியது சட்டமும் இல்லை, தர்மமும் இல்லை. அவன் முகத்தில் கொடூரம் போதவில்லை, அதனால் தப்பித்தான். படக்காரர் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டார். நல்லவேளை எடுத்துக்கொள்ளவில்லை மேடம், போட்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்றார். அதே மூச்சில், என் பிள்ளைக்கு என்ன வழி என்று அழுதார்.

வழி ஒன்றும் பிறக்கவில்லை. பையனை வேறு ஸ்கூலில் சேர்த்தார்கள். காது மறைகிற மாதிரி முடி வளர்த்துக்கொண்டான். சிரித்தால் பல் இடைவெளி தெரியும் என்று சிரிப்பதைக் குறைத்தான், குனிந்து நடந்தான். கொஞ்ச நாளில் பார்த்தால், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு, எடிட்டர் கேட்ட மாதிரியே ஆகிவிட்டான். படக்காரர் அதன் பிறகு பத்திரிகைக்கு முகமே வரைவதில்லை என்று சொல்லிவிட்டார். குறுக்கெழுத்துக்குக் கட்டம் போட்டார், வானிலைக்குச் சூரியனும் மேகமும் போட்டார். மைத்துனருக்கு ஒருவழியாக விடுதலை கிடைத்தது.

கொலை செய்த பையன் சீர்திருத்தப் பள்ளியில் இருந்துவிட்டு வெளியே வந்தான் என்று கேள்வி. அவனை எங்கேயும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கொலைகார முகம்தான் வேறாயிற்றே. எங்காவது வேலை செய்துகொண்டு, நம் பக்கத்திலேயே பஸ்ஸில் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பான். எங்கள் பத்திரிகை செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் தெரிந்து செய்யவில்லை.

ஆனால் அந்தப் படம் மட்டும் ஓய்வு பெறவில்லை. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. எங்கே எந்தச் சின்னப் பையன் எவனை வெட்டினாலும் எங்கள் ஆபீசில் அந்த முகத்தைத்தான் தட்டி எடுப்பார்கள். எடிட்டர் போய்ச் சேர்ந்தார். பரபரப்பு எடிட்டராகி, அவரும் ஓய்வு பெற்றார். படக்காரர் மகனுக்கு மீசை வந்தது, கல்யாணம் ஆயிற்று, தலையில் நரைகூட எட்டிப்பார்த்தது. படத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் என்றைக்கும் பதிமூன்று வயசு. மகன் பேப்பரில் அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் இன்றைக்கும் வந்திருக்கிறேனே அப்பா என்று தமாஷாகச் சொல்வானாம். சொல்லிவிட்டு அவன்தான் சிரிப்பான், வீட்டில் வேறு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

எனக்கும் ஓய்வு பெறும் காலம் நெருங்கிய சமயத்தில், எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட படக்காரர் போன் செய்தார். எப்பாடு பட்டாவது அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். இத்தனை வருஷம் கேட்காதவர் இப்போது ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கம் வடிவமைக்கிற பெண்ணிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். அவள் தேடிக்காட்டினாள். படம் எங்கள் ஆபீசில் மட்டும் இல்லை, எல்லா ஊர்ப் பதிப்பிலும் இருக்கிறது, டி.வி.க்காரர்களிடம் இருக்கிறது, போனுக்குப் போன் மாறி உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் ஓர் இடத்தில் அழித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். "அதோட, இதைவிட நல்ல கொலைகார முகம் நம்மகிட்ட வேற இல்லையே மேடம்" என்றாள்.

இதைப் போனில் சொல்ல மனசு வராமல் நேரில் போனேன். மணி அடித்ததும் ஒரு பொடியன் வந்து கதவைத் திறந்தான். படக்காரரின் பேரன். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்திருந்தது, நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. உச்சியில் ஒரு பிடி முடி குத்திட்டு நின்றது. இடது காது கொஞ்சம் தூக்கல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் பார்த்திராத பிள்ளை, ஆனால் முதல் பக்கத்தில் எத்தனையோ தடவை நான் சரிபார்த்து அனுப்பிய முகம். இன்னும் நாலைந்து வருஷத்தில் அந்தப் படத்துக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடுவான்.

படக்காரர் நாற்காலியில் இருந்தார். எடுத்துவிட்டார்களா என்று வாயைத் திறந்து கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பேரன் என்னிடம் வந்து புகார் சொன்னான். தாத்தா எதிர்வீட்டுப் பாப்பாவை வரைந்து கொடுத்தாராம், பால்காரரைக்கூட வரைந்து கொடுத்தாராம், எத்தனை தடவை கேட்டாலும் தன்னை மட்டும் வரையமாட்டேன் என்கிறாராம். ஏன் என்று நீங்களே கேளுங்கள் என்றான்.

படக்காரர் அவனைக் கிட்டே இழுத்தார். குத்திட்டு நின்ற முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தார், காது மேல் கொஞ்சம் முடியை இழுத்துவிட்டார். "உன்னை நான் எப்பவோ வரைஞ்சுட்டேன்டா கண்ணா" என்றார்.

பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கே தாத்தா, காட்டுங்க என்று அவர் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.